7 பேர் பலி, 60 ஆண்டு மௌனம்: ஒரு மில் ஊர் தன் ஸ்ட்ரைக்கை மறந்தது எப்படி?

ஃபிராங்க் பீச்சம் ஒரு பத்திரிகையாளர். அமெரிக்காவின் தெற்கு கரோலினா மாநிலத்தில் ஹனியா பாத் என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். ஊருக்குள் யாரைப் பார்த்தாலும் தெரிந்த முகம்தான். ஆனால், அந்த ஊர் மில் வாசலில் 1934-ல் 7 தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லை. வீட்டிலும் யாரும் வாயைத் திறக்கவில்லை. 1990-களில் ஓர் ஆவணப்படம் மூலமாகத்தான் அவருக்கு விஷயமே தெரியவந்தது. அப்போது அவருக்கு 40 வயதைத் தாண்டிவிட்டது.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி ஒன்றும் காத்திருந்தது. துப்பாக்கிச் சூடு நடந்தபோது அந்த மில்லை நிர்வகித்தவரும் ஊர் மேயரும் ஒரே ஆள். பெயர் டான் பீச்சம். ஃபிராங்கின் சொந்தத் தாத்தா.

ஒரே நாளில் 7 பேர் இறந்த சம்பவத்தை ஓர் ஊரே எப்படி மறக்கும்? உண்மையில் யாரும் மறக்கவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். ஏன் பேசவில்லை என்பதற்கான பதில், அந்தத் தொழிலாளர்கள் குடியிருந்த மில் கிராமத்துக்குள்ளேயே இருக்கிறது.

மில் கிராமம்னா என்ன?

கோவை, மதுரை, பெரம்பூர் பக்கத்துக்காரர்களுக்கு மில் குவார்ட்டர்ஸ் தெரிந்திருக்கும். அந்த குவார்ட்டர்ஸையே ஒரு முழு ஊராக நினைத்துப் பாருங்கள். அதுதான் மில் கிராமம்.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், கடற்கரைச் சமவெளிக்கும் மலைக்கும் நடுவே பீட்மான்ட் என்ற மேட்டுநிலம் இருக்கிறது. வர்ஜீனியாவில் தொடங்கி வடக்கு, தெற்கு கரோலினா, ஜார்ஜியா வழியாக அலபாமா வரை நீள்கிறது. 1880-களில் இருந்து இங்கே பஞ்சாலைகள் வரிசையாக முளைத்தன. பருத்தி பக்கத்திலேயே விளைந்தது. ஆறுகளில் இருந்து நீர்விசை கிடைத்தது. எல்லாவற்றையும்விட முக்கியம், குறைந்த கூலிக்கு ஆட்கள் கிடைத்தார்கள்.

அந்த ஆட்கள் யார்? பருத்தி விலை விழுந்து கடனில் மூழ்கிய சிறு விவசாயிகள், குத்தகைதாரர்கள். ஊரில் பிழைக்க வழியில்லாமல் குடும்பம் குடும்பமாக மில்லுக்கு வந்தார்கள். அப்பா மட்டுமல்ல, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் வேலைக்குப் போனார்கள். 1908 முதல் லூயிஸ் ஹைன் என்ற புகைப்படக்காரர் இந்த ஆலைகளில் எடுத்த படங்கள் இன்றும் இணையத்தில் சுற்றுகின்றன. நூற்பு இயந்திரத்துக்கு முன்னால் வெறுங்காலுடன் நிற்கும் சிறுமிகளின் படங்களைப் பார்த்திருப்பீர்கள்.

வந்தவர்கள் தங்க மில் நிர்வாகமே வீடு கட்டிக் கொடுத்தது. வாடகை குறைவு. ஆனால் அது சம்பளத்தில் பிடிக்கப்படும். பல ஊர்களில் ஓர் அறைக்கு ஒரு தொழிலாளி என்ற எழுதப்படாத கணக்கு உண்டு. 4 அறை வீடு வேண்டுமா? வீட்டில் இருந்து 4 பேர் மில்லுக்கு வரணும்.

வீட்டோடு நிற்கவில்லை. மளிகைக் கடை மில்லுடையது. சம்பள நாளுக்கு முன்பே அங்கே பற்று எழுதிச் சாமான் வாங்கலாம். பல இடங்களில் பணத்துக்குப் பதில், அந்தக் கடையில் மட்டும் செல்லுபடியாகும் வில்லைகளைக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் மில் கட்டியது. தேவாலயத்துக்கு நிலம் மில் கொடுத்தது, போதகர் சம்பளத்திலும் ஒரு பங்கு மில்லில் இருந்து போனது. காலையில் எழுப்புவது மில் சங்கு. ராத்திரி விளக்கு எரிவதும் மில் மின்சாரத்தில்.

ஒரு வரியில் சொன்னால், வேலை போனால் வீடும் போச்சு. இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசி வரை தேவைப்படும்.

அப்போ அது நரகமா?

இங்கேதான் கதை சிக்கலாகிறது. 1970-களின் கடைசியில் வடக்கு கரோலினா பல்கலைக்கழகத்தின் வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு ஓய்வுபெற்ற மில் தொழிலாளர்களின் வீடு வீடாகப் போனார்கள். அடிமைத்தனத்தின் கதைகள்தான் கிடைக்கும் என்று நினைத்தால், கேட்டது வேறு. திரும்பத் திரும்ப ஒரே சொல்லைத்தான் தொழிலாளர்கள் சொன்னார்கள்: குடும்பம் மாதிரி இருந்தோம்.

கொல்லையில் காய்கறித் தோட்டம் போட்டது, பன்றி வெட்டினால் தெருவுக்கே பங்கு போனது, யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் பக்கத்து வீட்டுப் பெண்கள் சமைத்துக் கொடுத்தது, சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து ஃபிடில், பான்ஜோ வாசித்தது என அந்த நினைவுகளில் சந்தோஷம் நிறையவே இருந்தது.

பேஸ்பால் இல்லாமல் மில் கிராமம் இல்லை. ஒவ்வொரு மில்லுக்கும் ஓர் அணி. சனிக்கிழமை மேட்ச் என்றால் ஊரே மைதானத்தில் இருக்கும். அமெரிக்க பேஸ்பாலின் பெரிய நட்சத்திரங்களில் ஒருவரான ‘ஷூலெஸ்’ ஜோ ஜாக்சன், தெற்கு கரோலினாவின் கிரீன்வில் நகரில் உள்ள பிராண்டன் மில் அணியில் ஆடி வளர்ந்தவர்தான். சின்ன வயதிலேயே மில் வேலைக்குப் போனதால் அவருக்குப் படிப்பே கிடைக்கவில்லை.

ஊருக்கு வெளியே போனால் நிலைமை வேறு. தலைமுடியில் ஒட்டியிருக்கும் பஞ்சைப் பார்த்தே டவுன்காரர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். ‘லின்ட்ஹெட்’ என்று கேலி செய்வார்கள். பஞ்சுத் தலையன் என்று அர்த்தம். அந்த அவமானமும் மில் ஜனங்களை இன்னும் நெருக்கமாக்கியது.

இந்தப் பேட்டிகளை வைத்து 1987-ல் வெளிவந்த புத்தகத்தின் பெயரே ‘லைக் எ ஃபேமிலி’. ஜாக்குலின் டௌட் ஹால் உள்ளிட்ட 6 பேர் சேர்ந்து எழுதியது. மில் முதலாளிகளும் தங்களை ஒரு குடும்பம் என்றுதான் சொல்லிக்கொண்டார்கள். முதலாளி அப்பா, தொழிலாளர்கள் பிள்ளைகள். ஆனால் தொழிலாளர்கள் சொன்ன குடும்பம் அது கிடையாது. கஷ்ட காலத்தில் ஒருவருக்கொருவர் தோள் கொடுத்த அக்கம்பக்கம்தான் அவர்களுடைய குடும்பம். ஒரே சொல்தான். அதற்கு மேலே ஓர் அர்த்தம், கீழே ஓர் அர்த்தம்.

இந்தக் குடும்பத்தில் யாருக்கு இடமில்லை?

கறுப்பினத்தவருக்கு. 1915-ல் தெற்கு கரோலினா ஒரு சட்டமே போட்டது. பஞ்சாலைகளில் வெள்ளையரும் கறுப்பரும் ஒரே அறையில் சேர்ந்து வேலை செய்யக் கூடாது என்றது அந்தச் சட்டம். நூற்பு, நெசவு வேலையெல்லாம் வெள்ளையருக்கு. பஞ்சுப் பொதி இறக்குவது, பொதி பிரிப்பது, கூட்டித் துடைப்பது கறுப்பருக்கு. அவர்கள் வீடு மில் கிராமத்தின் ஓரத்தில் அல்லது அதற்கும் வெளியே இருக்கும். 1964-ல் சிவில் உரிமைகள் சட்டம் வந்த பிறகுதான் இயந்திர வேலைக்கான கதவு அவர்களுக்குத் திறந்தது.

மில் கிராம நினைவுகளைப் படிக்கும்போது இதையும் சேர்த்தே படிக்கணும். சங்கம் அமைக்க வந்தவர்களில் பலரும்கூட இந்தக் கோட்டைத் தாண்டத் தயங்கினார்கள்.

ஸ்ட்ரைக் ஏன் வந்தது?

முதல் உலகப் போர் முடிந்ததும் துணிக்கான தேவை சரிந்தது. மில்கள் நிறைய, லாபம் குறைவு. செலவைக் குறைக்க நிர்வாகங்கள் கண்டுபிடித்த வழிக்குத் தொழிலாளர்கள் வைத்த பெயர் ‘ஸ்ட்ரெட்ச்-அவுட்’. ரப்பரை இழுக்கிற மாதிரி ஆளை இழுப்பது.

இன்றைய ஆபீஸ் பாஷையில் சொன்னால் ரொம்பச் சுலபம். டீமில் 10 பேர் இருக்கிறார்கள். 4 பேரை அனுப்பிவிட்டு, 10 பேர் வேலையையும் மீதி 6 பேர் தலையில் கட்டுகிறார்கள். டார்கெட்டையும் ஏற்றுகிறார்கள். சம்பளம் மட்டும் அதே இடத்தில் நிற்கிறது. நெசவாளிக்குக் கூடுதல் தறிகள், நூற்பவருக்குக் கூடுதல் கதிர்கள் என மில்லில் நடந்தது இதுதான்.

ஸ்டாப்வாட்ச்சோடு ஆட்கள் பக்கத்தில் வந்து நின்று, நூல் அறுந்தால் முடிச்சுப் போட எத்தனை நொடி ஆகிறது என்று கணக்கெடுத்தார்கள். முன்பெல்லாம் வேலைக்கு நடுவே கொஞ்சம் மூச்சுவிட நேரம் இருந்தது. பக்கத்துத் தறிக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசலாம், அம்மாக்கள் வீட்டுக்கு ஓடிப் போய்க் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வரலாம். அந்த நேரமெல்லாம் காணாமல் போனது. சம்பளம் குறைந்ததைவிட இதுதான் பலரை உறுத்தியது. தன் வேகத்தைத் தானே தீர்மானித்தவர்கள் இயந்திரத்தின் பின்னால் ஓட வேண்டியதாயிற்று.

1929-ல் பொறுமை உடைந்தது. டென்னசியில் எலிசபெத்டன், வடக்கு கரோலினாவில் கேஸ்டோனியா, மேரியன் என்று அடுத்தடுத்து வேலைநிறுத்தங்கள். கேஸ்டோனியாவின் லோரே மில்லில் ஏப்ரல் 1-ம் தேதி தொழிலாளர்கள் வெளியே வந்தார்கள். வாரம் 20 டாலர் சம்பளம், 40 மணி நேர வேலை, சங்கத்துக்கு அங்கீகாரம் ஆகியவை கோரிக்கைகள். நிர்வாகம் இறங்கி வரவில்லை. ஸ்ட்ரைக் செய்த குடும்பங்களின் சட்டி பானை, கட்டில், மெத்தை எல்லாம் தெருவுக்கு வந்தன. வேலை போனால் வீடும் போச்சு.

அந்த ஸ்ட்ரைக்கின் குரலாக இருந்தவர் எல்லா மே விக்கின்ஸ். பக்கத்து ஊரான பெசமர் சிட்டியில் மில் வேலை. 9 பிள்ளைகளைப் பெற்று, 4 பேரைப் பறிகொடுத்தவர். பிள்ளைகளுக்குக் கக்குவான் இருமல் வந்தபோது, ராத்திரி ஷிப்டில் இருந்து பகல் ஷிப்டுக்கு மாற்றிக் கேட்டும் கிடைக்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் கட்டிய பாட்டுகளைக் கூட்டங்களில் தொழிலாளர்கள் சேர்ந்து பாடினார்கள். கறுப்பினத் தொழிலாளர்களையும் சங்கத்தில் சேர்க்க வேண்டும் என்று நின்றவர் அவர். 1929 செப்டம்பர் 14 அன்று, கூட்டத்துக்குப் போகும் வழியில் லாரியை மறித்த கும்பல் அவரைச் சுட்டுக் கொன்றது. யாரும் தண்டிக்கப்படவில்லை. அடுத்த மாதமே மேரியனில் மில் வாசலில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 6 தொழிலாளர்கள் இறந்தார்கள்.

1934: சட்டம் வந்தது, நம்பிக்கை வந்தது

பெரும் பொருளாதார மந்தத்தின் நடுவே 1933-ல் ரூஸ்வெல்ட் அதிபரானார். அந்த ஆண்டு ஜூனில் தேசியத் தொழில் மீட்புச் சட்டம் வந்தது. அதன்கீழ் முதன்முதலாக விதிமுறை வகுக்கப்பட்டதே பருத்தி நெசவுத் தொழிலுக்குத்தான். ஜூலை 17 முதல் அமல். வாரத்துக்கு 40 மணி நேரம்தான் வேலை. தென் மாநிலங்களில் குறைந்தபட்சக் கூலி வாரம் 12 டாலர், வட மாநிலங்களில் 13 டாலர். சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமையும் சட்டத்திலேயே எழுதப்பட்டது.

வாரம் 55, 60 மணி நேரம் உழைத்துப் பழகியவர்களுக்கு இது கனவு மாதிரி இருந்தது. அரசாங்கம் நம்ம பக்கம் என்ற நம்பிக்கையில் தொழிலாளர்கள் சங்கத்தில் குவிந்தார்கள். யூனைட்டட் டெக்ஸ்டைல் ஒர்க்கர்ஸ் சங்கத்தில் 1933 தொடக்கத்தில் சுமார் 15 ஆயிரம் பேர் இருந்தார்கள். 1934-ன் நடுவில் அது சுமார் 2.5 லட்சம்.

ஆனால் மில்களில் நடந்தது வேறு. வேலை நேரம் குறைந்தது, வேலை குறையவில்லை. 11 மணி நேரத்தில் செய்ததை 8 மணி நேரத்தில் முடிக்கச் சொன்னார்கள். விதிமுறையைக் கண்காணிக்கும் அமைப்பும் மில் முதலாளிகள் கையிலேயே இருந்தது. தொழிலாளர்கள் வாஷிங்டனுக்குக் கடிதம் எழுதினார்கள், அதுவும் ஆயிரக்கணக்கில். பென்சிலால், எழுத்துப் பிழைகளோடு, சிலர் நேராக ரூஸ்வெல்ட்டுக்கே எழுதினார்கள். பல புகார்கள் விசாரணைக்கென்று சுற்றிச் சுற்றி, புகாருக்குள்ளான நிர்வாகத்தின் மேஜைக்கே திரும்பி வந்தன. எழுதியவர் வேலை என்ன ஆகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

1934 ஜூலையில் அலபாமாவில் முதலில் வெடித்தது. ஆகஸ்டில் நியூயார்க்கில் கூடிய சங்க மாநாடு, செப்டம்பர் 1 முதல் நாடு தழுவிய ஸ்ட்ரைக் என்று அறிவித்தது. பிரான்சிஸ் கோர்மன் தலைமை தாங்கினார். மெயின் மாநிலத்தில் இருந்து அலபாமா வரை ஏறத்தாழ 4 லட்சம் பேர் வேலையை நிறுத்தினார்கள். அதுவரை அமெரிக்கா பார்த்த மிகப் பெரிய வேலைநிறுத்தங்களில் ஒன்று.

தென் மாநிலங்களில் கையாண்ட உத்திக்குப் பெயர் ‘பறக்கும் படை’. கார்கள், லாரிகளில் தொழிலாளர்கள் ஊர் ஊராகப் போய், ஓடிக்கொண்டிருந்த மில்களின் வாசலில் நின்று உள்ளே இருப்பவர்களை வெளியே கூப்பிட்டார்கள். வாட்ஸ்அப் இல்லாத காலத்தில் சில நாட்களுக்குள் நூற்றுக்கணக்கான மில்கள் நின்றன.

செப்டம்பர் 6, வியாழக்கிழமை

ஹனியா பாத்தின் சிகோலா மில்லில் ஊர் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஒரு பக்கம் ஸ்ட்ரைக்கில் இருந்தவர்கள். இன்னொரு பக்கம் வேலைக்குப் போக நினைத்தவர்கள். இவர்களை அவர்கள் கருங்காலி என்றார்கள், அவர்களை இவர்கள் கலகக்காரர்கள் என்றார்கள். இரண்டு பக்கமும் ஒரே தெருக்காரர்கள், சில வீடுகளில் ஒரே குடும்பத்துக்காரர்கள்.

மேயரும் மில் நிர்வாகியுமான டான் பீச்சம், ஊர்க்காரர்கள் பலரைச் சிறப்புக் காவலர்களாக்கி ஆயுதம் கொடுத்திருந்தார். பழைய எந்திரத் துப்பாக்கி ஒன்றும் மில்லில் நிறுத்தி வைக்கப்பட்டிருந்ததாகப் பின்னாளில் பேரன் ஃபிராங்க் எழுதினார்.

அன்று காலை மில் வாசலில் கைகலப்பு தொடங்கியது. தறியில் நாடாவை அடித்துத் தள்ளும் மரக்கட்டைகள்தான் ஆயுதம். சில நிமிடங்களில் துப்பாக்கிகள் வெடித்தன, மில் ஜன்னல்களில் இருந்தும் குண்டுகள் வந்தன. தொழிலாளர்கள் திரும்பி ஓடினார்கள். புகை அடங்கியபோது பலர் தரையில் கிடந்தார்கள். மொத்தம் 7 பேர் இறந்தார்கள், சுமார் 30 பேர் காயமடைந்தார்கள். இறந்தவர்களில் பலருக்கு முதுகில்தான் குண்டு பாய்ந்திருந்தது.

இறுதிச் சடங்கு ஊர்த் தேவாலயத்தில் நடக்கவில்லை. அந்தத் தேவாலயங்களின் பின்னால் யார் பணம் இருந்தது என்பதை மேலே பார்த்தோம். திறந்த வெளியில் நடந்த சடங்குக்குச் சுமார் 10 ஆயிரம் பேர் வந்தார்கள். கொலைக்கு யாரும் தண்டிக்கப்படவில்லை.

3 வாரத்தில் முடிந்த கதை

மாநில ஆளுநர்கள் தேசியக் காவல் படையை இறக்கினார்கள். ஜார்ஜியாவில் ஆளுநர் யூஜின் டால்மட்ஜ் ராணுவச் சட்டத்தை அறிவித்து, ஸ்ட்ரைக்கில் இருந்த ஆண்களையும் பெண்களையும் முள்வேலி முகாமில் அடைத்தார்.

சங்கத்திடம் பணம் இல்லை. ஸ்ட்ரைக் நாட்களுக்கு உதவித் தொகை கொடுக்க வழியில்லை. அரசு அமைத்த குழு, ஸ்ட்ரெட்ச்-அவுட் பற்றி ஆராயலாம் என்று ஓர் அறிக்கை கொடுத்தது. சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. தொழிலாளர்களைப் பாகுபாடில்லாமல் திரும்பச் சேர்த்துக்கொள்ளும்படி ரூஸ்வெல்ட் முதலாளிகளிடம் கேட்டுக்கொண்டார். செப்டம்பர் 22-ம் தேதி வெற்றி என்று அறிவித்து, சங்கம் ஸ்ட்ரைக்கை முடித்துக்கொண்டது.

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியவர்களில் ஆயிரக்கணக்கானோருக்குக் கேட் திறக்கவில்லை. பெயர்கள் கறுப்புப் பட்டியலில் ஏறின. ஒரு மில்லில் துரத்தப்பட்டவருக்கு அடுத்த ஊர் மில்லிலும் வேலை கிடைக்கவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. வாஷிங்டனில் இருந்து உதவிக்கு யாரும் வரவில்லை.

ஏன் யாருமே பேசலை?

ஆய்வாளர்கள் டேப் ரெக்கார்டரோடு போனபோது, பேஸ்பால் பற்றியும் தோட்டம் பற்றியும் மணிக்கணக்கில் பேசியவர்கள், 1934 என்றதும் அடங்கிப்போனார்கள். சிலர் நினைவில்லை என்றார்கள். சிலர் பேசவே மாட்டேன் என்றார்கள். காரணங்கள் பல. ஒவ்வொன்றும் மில் கிராமத்தில் வேர்விட்டவை.

- பயம்: தோல்விக்குப் பிறகும் வீடு, வேலை, கடை எல்லாம் மில் கையில்தான். அப்பா சங்கத்தில் இருந்தார் என்பது தெரிந்தால் பிள்ளைக்கு வேலை கிடைக்காது. அதனால் பிள்ளைக்கே சொல்லவில்லை.

- அக்கம்பக்கம்: சுட்டவர்களும் சுடப்பட்டவர்களும் ஒரே ஊர். ஞாயிற்றுக்கிழமை ஒரே தேவாலயம், திங்கட்கிழமை ஒரே ஷிப்டு. பழசைக் கிளறினால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தை எப்படிப் பார்ப்பது? சேர்ந்து வாழணும் என்றால் சிலதைப் பேசாமல் இருக்கணும் என்று ஊர் முடிவு செய்தது.

- ஏமாற்றம்: சங்கம் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டது என்ற கசப்பு. அந்த ஊர்களில் யூனியன் என்பதே வாயில் வரக் கூடாத வார்த்தையானது. தென் மாநிலப் பஞ்சாலைகளில் சங்கம் மறுபடி காலூன்றப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

- வெட்கம்: சிலர், தோற்றுப்போனது தங்கள் தவறு என்றே நினைத்துக்கொண்டார்கள்.

- புத்தகத்தில் இல்லை: பள்ளிப் பாடத்தில் வராத ஒன்றைப் பற்றிப் பிள்ளைகள் கேள்வி கேட்க மாட்டார்கள். கேள்வி வராத இடத்தில் பதிலும் வராது.

‘குடும்பம் மாதிரி’ என்ற அதே நெருக்கம்தான் 1934-ல் தொழிலாளர்களைச் சேர்ந்து நிற்க வைத்தது. உடம்புக்கு முடியாதபோது சமைத்துக் கொடுத்தவரை நம்பி ஸ்ட்ரைக்கிலும் இறங்கலாம். அதே நெருக்கம்தான் பிறகு எல்லோர் வாயையும் கட்டிப்போட்டது. குடும்ப விஷயத்தை வெளியில் பேசக் கூடாது இல்லையா?

மௌனம் எப்போ உடைஞ்சது?

ஒரே நாளில் உடையவில்லை. 1930-களில் இருந்தே மில் நிர்வாகங்கள் வீடுகளை ஒவ்வொன்றாகத் தொழிலாளர்களுக்கே விற்கத் தொடங்கின. சொந்த வீடு என்றானதும் பயத்தின் ஒரு கண்ணி அறுந்தது.

1973-ல் வடக்கு கரோலினாவின் ரோனோக் ரேபிட்ஸ் ஊரில், ஜே.பி. ஸ்டீவன்ஸ் நிறுவனத்தின் மில்லில் கிரிஸ்டல் லீ சட்டன் என்ற பெண்ணை, சங்க வேலை பார்த்ததற்காக நீக்கினார்கள். அவர் ஓர் அட்டையில் யூனியன் என்று எழுதி மேஜை மேல் ஏறி நின்றார். ஒவ்வொருவராக இயந்திரங்களை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு நடந்த தேர்தலில் அங்கே சங்கம் ஜெயித்தது. இந்தச் சம்பவத்தை அடிப்படையாக வைத்து 1979-ல் வந்த ‘நார்மா ரே’ படத்துக்காக சாலி ஃபீல்டுக்கு ஆஸ்கர் கிடைத்தது. பஞ்சுத் தூசியால் நுரையீரல் கெட்ட முன்னாள் தொழிலாளர்களும் 1970-களில் ஒன்றுசேர்ந்து நஷ்டஈடு கேட்டுப் போராடினார்கள். இழக்க வேலை இல்லாத வயதில் வாய் திறந்தவர்கள் அவர்கள்.

கடைசியாக, ஜார்ஜ் ஸ்டோனி, ஜூடித் ஹெல்ஃபண்ட், சூசன் ரோஸ்டாக் ஆகியோர் எடுத்த ‘தி அப்ரைசிங் ஆஃப் 34’ ஆவணப்படம். 1995-ல் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. தொழிலாளர்கள் வாஷிங்டனுக்கு எழுதிய பழைய கடிதங்களை ஆவணக் காப்பகத்தில் இருந்து எடுத்து, எழுதியவர்களின் குடும்பத்தாரிடம் காட்டியது படக்குழு. அப்பா, அம்மாவின் கையெழுத்தை அவர்கள் பார்த்தார்கள். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாத ஆள், நாட்டின் அதிபருக்கே கடிதம் எழுதியிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது.

ஃபிராங்க் பீச்சம் தன் தாத்தாவின் பங்கை மறைக்கவில்லை. விசாரித்தார், எழுதினார். மறைக்கச் சொல்லி யாரும் அவரிடம் கேட்டிருக்கவே தேவையில்லை, பேசாமல் இருந்திருந்தாலே போதும். 60 ஆண்டுகளாக ஊர் செய்தது அதைத்தானே.

இப்போ அங்கே என்ன இருக்கு?

கேஸ்டோனியாவில் ஸ்ட்ரைக் நடந்த லோரே மில் கட்டடம் இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. பெரிய ஜன்னல்களும் உயரமான கூரையும் உள்ள வீடுகளில் இளம் ஊழியர்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஹனியா பாத்தில் சிகோலா மில் ஓடவில்லை. அமெரிக்கத் துணி உற்பத்தி வெளிநாடுகளுக்குப் போனபோது, கரோலினாவின் பெரும்பாலான மில்களைப் போல அதுவும் நின்றுவிட்டது.

ஊரில் உள்ள பூங்காவில் 1995-ல் ஒரு நினைவுக் கல் வைத்தார்கள். கிளாட் கேனன், லீ கிராஃபோர்ட், ஈரா டேவிஸ், ஈ.எம். நைட், மேக்ஸி பீட்டர்சன், சி.ஆர். ரக்கர், தாமஸ் யார்பரோ. 61 ஆண்டுகளாக வீட்டுக்குள்ளேயே சொல்லத் தயங்கிய 7 பெயர்கள், இப்போது போகிற வருகிற யாரும் படிக்கிற மாதிரி தெருவோரத்தில் இருக்கின்றன.

இவ்வளவும் நமக்குக் கிடைத்தது, யாரோ ஒருவர் ஒரு தாத்தாவின் திண்ணையில் உட்கார்ந்து டேப் ரெக்கார்டரை ஆன் செய்ததால்தான். உங்கள் வீட்டிலோ தெருவிலோ மில்லில் வேலை பார்த்த தாத்தா, பாட்டி யாராவது இருக்கிறார்களா? அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கேட்டுப் பாருங்கள். ரெக்கார்டர் உங்கள் போனிலேயே இருக்கிறது. எந்த இடத்தில் பேச்சு நின்றுபோகிறது என்பதையும் கவனியுங்கள்.